தண்ணி அடிக்கும் கார்

(மளிகைக் கடை அண்ணாச்சி கையில் ஒரு ‘எச்எச்ஓ’ பெட்டி. எதிரே மெக்கானிக்.)

அண்ணாச்சி: இதை பானெட்டுக்குள்ள மாட்டிவிடுடே. தண்ணிய ஊத்துனா பேட்டரி கரண்ட்ல ஹைட்ரஜனும் ஆக்சிஜனுமாப் பிரிஞ்சு, பெட்ரோலோட சேந்து எரியுமாம். பாதிக்குப் பாதி மிச்சம்னு அட்டையிலயே போட்டிருக்கான். அச்சடிச்சவன் பொய் சொல்லுவானா?

மெக்கானிக்: தண்ணி பிரியும், வாயு வரும், எரியவும் செய்யும் அண்ணாச்சி. ஆனா ஹைட்ரஜன் எரிஞ்சு முடிஞ்சு மிஞ்சுறதுதான் தண்ணி. அதைத் திரும்பப் பிரிக்க, எரியும்போது வந்த சக்தி முழுசையும் கொடுத்தாகணும். எந்த நஷ்டமும் இல்லாட்டிக்கூட லிட்டருக்கு 4.4 யூனிட் கரண்ட். அது எங்கிருந்து வருது? பேட்டரியை ஏத்துறது ஆல்டர்னேட்டர், அதைச் சுத்துறது இஞ்சின், இஞ்சினை ஓட்டுறது நீங்க பங்க்ல போட்ட பெட்ரோல். பெட்டி 280 வாட் இழுக்குதுன்னு வைங்க. அதைக் கொடுக்க ஆல்டர்னேட்டர் இஞ்சின்கிட்ட சுமார் 500 வாட் வாங்கும். பெட்டியில வீணாகுறது போக வாயுவுல நிக்குறது 170 வாட் பக்கம். அதுலயும் இஞ்சின் கால் பங்கைத்தான் வேலையா மாத்தும். ஆக 500 கொடுத்து 40 வாங்குறோம். 500 ரூபாய்க்குப் பருப்பு எடுத்து 40 ரூபாய்க்கு விப்பீங்களா?

அண்ணாச்சி: என் யாவாரத்தை ஏன்டே இழுக்க? பெட்ரோல் மிச்சமில்லாம எரியத்தான் இந்த வாயுன்னு விக்குற பையன் சொன்னான்.

மெக்கானிக்: நல்லா இருக்கிற இஞ்சின் நூத்துக்கு 97, 98 பங்கை இப்பவே எரிச்சிருது. மீதி ரெண்டு மூணுல எப்படிப் பாதியை மிச்சம் பிடிக்கிறது? பெட்ரோல் எரியாம வீணாகல. எரிஞ்ச சூடு ரேடியேட்டர்லயும் சைலன்சர்லயும் போறதுலதான் வீணாகுது. அந்தப் பக்கமே இந்தப் பெட்டி போகல.

அண்ணாச்சி: பிஎம்டபிள்யூக்காரன் மட்டும் தண்ணி அடிக்கலாமோ?

மெக்கானிக்: அடிக்கிறான், 2016ல வந்த எம்4 ஜிடிஎஸ்ல. உள்ள போற காத்துல தண்ணியத் தெளிச்சுக் குளிர வச்சா, இஞ்சின்ல ‘நாக்கிங்’ வராம டர்போ அழுத்தத்தைக் கூட்டலாம். ரெண்டாம் உலகப்போர் சண்டை விமானத்துலயும் இதே சங்கதிதான். அங்க தண்ணி எரியுறதில்ல, சூட்டை ஆத்துது.

அண்ணாச்சி: அமெரிக்காவுல ஸ்டான்லி மேயர் தண்ணியிலயே கார் ஓட்டுனானே! எண்ணெய்க் கம்பெனிக்காரனுவ அமுக்கிட்டானுவ.

மெக்கானிக்: அமுக்குனது ஓஹையோ கோர்ட். பணம் போட்ட ரெண்டு பேர் வழக்குப் போட்டாங்க. நிபுணர்கள் அவன் கருவியைப் பாத்துட்டு, பள்ளிக்கூடத்துல செய்யுற அதே மின்பகுப்புதான்னு சொல்லிட்டாங்க. 1996ல அப்பட்டமான மோசடின்னு தீர்ப்பாகி, 25,000 டாலரைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னாங்க. அதே 1996லதான் ராஜபாளையம் பக்கத்து ராமர் பிள்ளையோட மூலிகை பெட்ரோலை நாம கொண்டாடினோம். அதுவும் மோசடி வழக்காகி, 2016ல சென்னைக் கோர்ட் 3 வருஷ ஜெயில்னு சொல்லுச்சு.

அண்ணாச்சி: அப்போ போட்டவனெல்லாம் மைலேஜ் கூடிருச்சுங்கானே?

மெக்கானிக்: காசைக் கொட்டினவன் கால் ஆக்சிலேட்டரை மெதுவாத்தான் மிதிக்கும், கூடுன மைலேஜ் அந்தக் காலோடது. சில பெட்டியோட ஒரு சின்ன சர்க்யூட்டும் தருவான். அது ஆக்சிஜன் சென்சாரை ஏமாத்திப் பெட்ரோலைக் குறைச்சிரும். அளவு மீறினா இஞ்சினுக்குத்தான் கேடு. பெட்டியைத் திருப்பிக் கொடுத்துருங்க அண்ணாச்சி. உங்க முன் டயர் ரெண்டுலயும் காத்து கம்மி. அதை அடிச்சிட்டுப் போங்க, மைலேஜ் தன்னால கொஞ்சம் கூடும்.