வெளிநாட்டுக் கடிதம்: கட்டணம் உண்டு, பரிசு கிடையாது

டிராக் டே என்பது, பந்தயம் இல்லாத நாளில் பந்தயத் தடத்தை வாடகைக்கு எடுத்து, கட்டணம் கட்டிய எவரும் சொந்தக் காரை அதில் ஓட்டிப் பார்க்க விடும் ஏற்பாடு. போட்டி இல்லை, முதலிடம், இரண்டாமிடம் இல்லை, கோப்பை இல்லை. பல இடங்களில் நேரம் அளக்கவே தடை. இங்கிலாந்தில் வேலை பார்க்கும் தாம்பரத்துப் பிள்ளை ஒருவர், கோடை விடுமுறையில் இப்படி மூன்று தடங்களுக்குப் போகப்போவதாக வீட்டுக்குச் சொன்னால், கிழக்குத் தாம்பரத்து அம்மா கேட்கும் முதல் கேள்வி, "ஜெயிச்சா எவ்வளவுப்பா குடுப்பாங்க?" என்பது. சேலையூர் மாமாவின் கேள்வி, "கம்பெனி காரா மாப்ள, சொந்தக் காரா?" என்பது. யாரும் எதுவும் கொடுப்பதில்லை, பணம் கட்டுவது பிள்ளைதான். காரும் சொந்தக் கார்தான். அதற்குப் பிறகு இரு வீட்டிலிருந்தும் வரும் கேள்விகளுக்கு வாட்ஸ்அப்பில் பதில் சொல்லி முடியாது என்பதால்தான் இது கடிதமாக வருகிறது.

முதலில் வண்டி. ஸ்போர்ட்ஸ் கார் என்றதும் ஊரில் மனக்கண்ணில் வருவது சிவப்பு ஃபெராரி. டிராக் டேக்களில் உண்மையில் அதிகம் தென்படுவது மாஸ்டா எம்எக்ஸ்-5. 1989 முதல் ஜப்பானில் தயாராகும் இந்த வண்டிக்கு எடை ஏறக்குறைய ஒரு டன், இருக்கை இரண்டே இரண்டு, கூரையை மடக்கிவிடலாம். பத்துப் பதினைந்து வருடம் ஓடியது சில ஆயிரம் பவுண்டுக்குக் கிடைக்கும். டிக்கியில் ஒரு சின்னப் பெட்டி வைத்தால் நிறைந்துவிடும். பல மாடல்களில் ஸ்டெப்னி கிடையாது, பஞ்சர் அடைக்கும் டப்பாதான். குடும்பத்தோடு திருப்பதி போக எந்த விதத்திலும் உதவாத இந்த வண்டியை ஏன் வாங்க வேண்டும் என்று பெரியப்பா கேட்பது நியாயம். திருப்பதிக்காக அது கட்டப்படவில்லை, வளைவுகளுக்காகக் கட்டப்பட்டது என்பதே பதில்.

தடத்தில் ஓட்டும் காருக்கு எஞ்சினைவிட பிரேக் முக்கியம். ஒவ்வொரு வளைவுக்கு முன்னும் குறைக்கும் வேகமெல்லாம் வெப்பமாக மாறி பிரேக் தட்டில் இறங்குகிறது. பிரேக் ஆயில் நாளடைவில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். ஈரம் ஏறிய ஆயில் சீக்கிரம் கொதித்து ஆவிக் குமிழ் விடும். பெடலை மிதித்தால் பஞ்சு மூட்டையைப் போல உள்ளே போகும், வண்டி நிற்காது. ஆகவே போகுமுன் புது ஆயில், தடிமன் உள்ள பேட், ஓரம் தேயாத டயர். தடத்திலிருந்து வெளியே வந்தபின் ஹேண்ட் பிரேக் போடக்கூடாது, கியரில்தான் நிறுத்த வேண்டும். கொதிக்கும் பேட் தட்டோடு ஒட்டிக்கொள்ளும். காருக்குள் ஆடும் பொருள் ஒன்றும் இருக்கக்கூடாது. தண்ணீர் பாட்டில், குடை, சில்லறை எல்லாம் இறங்க வேண்டும். டாஷ்போர்டில் சும்மா உட்கார வைத்த பிள்ளையாரும் இறங்கிவிட வேண்டும். பசை போட்டு ஒட்டப்பட்டவருக்கு அனுமதி உண்டு. சக்கரத்தின் அடியில் எலுமிச்சம்பழம் வைப்பது பற்றி விதிகள் எதுவும் சொல்லவில்லை.

இன்சூரன்ஸ் தனிக் கதை. சாதாரண கார் பாலிசிகள் பெரும்பாலும் டிராக் டேயை வெளிப்படையாக விலக்கி வைத்திருக்கும். அந்த ஒரு நாளுக்கென்று தனிப் பாலிசி எடுக்கலாம். ஆனால் சேதத்தில் கணிசமான பங்கு ஓட்டுபவர் தலையில்தான் விழும். எடுக்காதவர்கள் அதிகம். அவர்கள் வளைவுகளில் காட்டும் பணிவு தனி அழகு.

இங்கிலாந்திலிருந்து ஐரோப்பாவுக்குக் காரோடு போக, ஃபோக்ஸ்டனில் ரயிலுக்குள் காரை ஏற்றி, கடலுக்கு அடியிலுள்ள சுரங்கம் வழியாக 35 நிமிடத்தில் கலேயில் இறங்கலாம். அங்கே சாலையின் வலப்பக்கம் ஓட்ட வேண்டும். ஆனால் ஸ்டியரிங் இங்கிலாந்து வண்டியில் வலப்பக்கமே இருக்கும். பிரான்ஸின் சுங்கச் சாவடிகளில் பணம் வாங்குபவர் இடப்பக்கம் இருப்பார். தனியாகப் போகிறவர் இறங்கி, காரைச் சுற்றி ஓடிப் பணம் கட்டி, பின்னால் நிற்பவர்களின் முகத்தைப் பார்க்காமல் திரும்பி ஓட வேண்டும். ஒளிரும் சட்டையும் எச்சரிக்கை முக்கோணமும் வண்டியில் இருப்பது பிரான்ஸில் கட்டாயம். பிரான்ஸ் நெடுஞ்சாலையில் உச்ச வேகம் மணிக்கு 130 கிலோமீட்டர், பெல்ஜியத்தில் 120, நெதர்லாந்தில் 2020 முதல் பகல் வேளையில் பெரும்பாலும் 100. ஜெர்மனியின் ஆட்டோபானில் மட்டும் பல பகுதிகளில் வரம்பு இல்லை. 130-ஐத் தாண்ட வேண்டாம் என்று அறிவுரை மட்டும் உண்டு. எனவே ஸ்போர்ட்ஸ் கார் பயணம் என்பது பெரும்பாலும் லாரிகளுக்குப் பின்னால் கேமராவுக்குப் பயந்துகொண்டு போவது.

கலேயிலிருந்து சுமார் 450 கிலோமீட்டரில், ஜெர்மனியின் ஐஃபெல் மலைக்காட்டில் இருக்கிறது நூர்புர்க்ரிங். 1927-இல் திறக்கப்பட்டது. அதன் வடக்குச் சுற்று 20.832 கிலோமீட்டர் நீளம், 73 வளைவுகள். மிக உயர்ந்த இடத்துக்கும் தாழ்ந்த இடத்துக்கும் 300 மீட்டர் வித்தியாசம். ஒரு முனையில் வெயில் அடிக்க, மறு முனையில் மழை பெய்வது சகஜம். 1968-இல் மூடுபனியிலும் மழையிலும் இங்கே நான்கு நிமிடத்துக்கு மேல் இடைவெளி விட்டு வென்ற ஜாக்கி ஸ்டூவர்ட், இதற்குப் பச்சை நரகம் என்று பெயர் வைத்தார். 1976-இல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் நிக்கி லௌடாவின் கார் இங்கேதான் தீப்பிடித்தது. அதன்பின் ஃபார்முலா ஒன் இந்தச் சுற்றுக்குத் திரும்பவே இல்லை. 2018-இல் டிமோ பெர்ன்ஹார்ட் போர்ஷே 919 ஒன்றில் இதை 5 நிமிடம் 19.5 விநாடியில் சுற்றி முடித்தார்.

இந்தப் புகழ் எல்லாம் தெரிந்து போகிறவருக்குக் காத்திருக்கும் அதிர்ச்சி, பொதுமக்களுக்குத் திறக்கும் நேரங்களில் இது பந்தயத் தடமே அல்ல என்பது. சட்டப்படி ஒருவழிச் சுங்கச் சாலை. ஜெர்மனியின் சாலை விதிகள் முழுவதும் பொருந்தும். 2024-இல் ஒரு சுற்றுக்குக் கட்டணம் திங்கள் முதல் வியாழன் வரை 30 யூரோ, வெள்ளி முதல் ஞாயிறு வரை 35. அப்போதைய மதிப்பில் குறைந்தது 2,700 ரூபாய். உரிமமும் சாலையில் ஓட்டத்தக்க வண்டியும் இருந்தால் போதும். போர்ஷேக்களுக்கு நடுவே குடும்பத்தோடு வேனில் வருபவரும் உண்டு. வலப்பக்கம் ஒதுங்கிப் போக வேண்டும், இடப்பக்கமாக மட்டுமே முந்த வேண்டும், நேரம் அளக்கக் கூடாது. தடுப்புக் கம்பியில் மோதினால் கம்பிக்கும், இழுவை வண்டிக்கும், தடத்தை மூடி வைத்த நேரத்துக்கும் பில் வரும். 20 கிலோமீட்டர் தூரத்தில் பாதியை வலப்பக்கக் கண்ணாடியில் ஒரு கண், இடப்பக்கக் கண்ணாடியில் ஒரு கண் வைத்து, பின்னால் வருபவர்களுக்கு வழிவிட்டே முடிப்பதுதான் புதியவர் எல்லோருக்கும் வாய்ப்பது. ஊருக்கு அனுப்பும் வீடியோவில் அந்தப் பாதி இருக்காது.

தென்சென்னைப் புறநகருக்கும் இந்தக் காட்டுக்கும் ஒரு தொடர்பு உண்டு. ஹூண்டாய் நிறுவனம் தன் வேகக் கார்களுக்கு வைத்திருக்கும் ‘என்’ என்ற எழுத்து, கொரியாவின் நாம்யாங்கையும் இந்த நூர்புர்க்ரிங்கையும் குறிப்பது. கார்களை அடித்து ஓட்டிச் சோதிக்க இங்கே அந்நிறுவனத்துக்கு ஒரு மையமே இருக்கிறது. அந்த எழுத்தைத் தாங்கிய ஐ20 என் லைன் இருங்காட்டுக்கோட்டை ஆலையில் தயாராகி, 2021 முதல் ஜிஎஸ்டி ரோட்டில் குரோம்பேட்டை சிக்னலில் நிற்கிறது.

நூர்புர்க்ரிங்கிலிருந்து சுமார் 100 கிலோமீட்டரில், பெல்ஜியத்தின் ஆர்டென் காட்டில் ஸ்பா-ஃபிராங்கோர்ஷாம். 1921-இல் மூன்று ஊர்களை இணைக்கும் சாதாரண சாலைகளில் பிறந்து, சுமார் 15 கிலோமீட்டர் நீளம் இருந்த தடம், 1979-இல் பாதியாகக் குறைக்கப்பட்டது, இன்று 7.004 கிலோமீட்டர். ஓ ரூஜ் என்ற சிற்றோடையைக் கடந்ததும் சாலை இடமும் வலமுமாகத் திரும்பிச் செங்குத்தாக ஏறும். மேலே என்ன இருக்கிறது என்பது ஏறி முடிக்கும்வரை தெரியாது. தொலைக்காட்சியில் தட்டையாகத் தெரியும் இந்த ஏற்றம், காருக்குள் இருந்து பார்த்தால் மதில்.

முறையான டிராக் டேயின் ஒழுங்கை இங்கே முழுதாகப் பார்க்கலாம். காலையில் எல்லோரையும் ஒரு அறையில் உட்கார வைத்து விதிகளைச் சொல்வார்கள். வராதவருக்கு ஓட்ட அனுமதி இல்லை. கையில் பட்டை கட்டுவார்கள். ஹெல்மெட்டும் முழுக்கைச் சட்டையும் வேண்டும். முதல் சில சுற்றுகள் மெதுவாக, தடத்தைப் பார்த்துக்கொள்ள மட்டும். பிறகு ஓட்டுபவர்களைத் திறமைக்கேற்பப் பிரித்து, கல்யாண வீட்டுப் பந்தி போலக் கூட்டம் கூட்டமாக உள்ளே விடுவார்கள். மஞ்சள் கொடி என்றால் முன்னே ஆபத்து, முந்தாதே. சிவப்பு என்றால் மெதுவாக உள்ளே வா. நீலம் என்றால் பின்னால் வேகமாக ஒருவர் வருகிறார், விடு. கட்டம் போட்ட கொடி உலகத்துக்கு வெற்றியின் அடையாளம். இங்கே அதற்குப் பொருள் நேரம் முடிந்தது, டீ குடிக்கப் போகலாம் என்பது.

முந்துவதற்கு முன்னால் இருப்பவரின் சம்மதம் வேண்டும். அவர் ஒதுங்கி, இண்டிகேட்டர் போட்டு வழி காட்டுவார். முந்தியவர் கை தூக்கி நன்றி சொல்வார். ஹாரனுக்கு வேலையே இல்லை. பல்லாவரத்துக்கும் பெருங்களத்தூருக்கும் நடுவே கார் ஓட்டக் கற்றவருக்கு, மணிக்கு 180 கிலோமீட்டரில் கிடைக்கும் இந்த மரியாதை பழகுவதற்குக் கொஞ்சம் நேரம் பிடிக்கும்.

மூன்றாவது தடம் நெதர்லாந்தின் ஸாண்ட்ஃபோர்ட், ஸ்பாவிலிருந்து சுமார் 300 கிலோமீட்டர். 1948-இல் வடகடலின் மணல்மேடுகளுக்கு நடுவே திறக்கப்பட்டது, நீளம் 4.259 கிலோமீட்டர். 1985-க்குப் பிறகு நின்றுபோன ஃபார்முலா ஒன் பந்தயம் 2021-இல் இங்கே திரும்பி வந்தது. அதற்காக இரண்டு வளைவுகளைக் கிண்ணத்தின் ஓரம்போல 18, 19 பாகை வரை சாய்த்துக் கட்டினார்கள். கடற்காற்று மணலைத் தடத்தில் தூவிவிட்டுப் போகும். காலையில் பிடித்த டயர் மதியம் வழுக்கும். ஊர் பக்கத்திலேயே இருப்பதால் சத்தத்துக்குக் கறாரான வரம்பு. மைக் வைத்து டெசிபெல் அளந்து, மீறும் காரை வெளியே அனுப்பிவிடுவார்கள். சத்தம் வருவதற்கென்றே காசு செலவழித்து சைலன்சரை மாற்றியவர்கள், வாசலில் நின்று அதை அடைக்க வழி தேடுவது இங்கு காணக்கூடிய காட்சி.

பயணத்தின் செலவை வீட்டுக்கு எழுதும் முறை ஒன்று உண்டு. ரயில் கட்டணமும் அறை வாடகையும் எழுதப்படும். டயர் தேய்மானம், பிரேக் பேட், பெட்ரோல் ஆகியவை ‘இதர செலவு’ என்ற தலைப்பில் அடங்கும். தடத்தில் ஓடும் கார், சாலையில் குடிப்பதைப்போல இரண்டு மூன்று மடங்கு பெட்ரோல் குடிக்கும் என்ற தகவல் அம்மாவுக்குத் தேவையில்லை.

இதற்கெல்லாம் கடல் கடக்க வேண்டுமா என்பது சேலையூர் மாமாவின் கடைசிக் கேள்வி. சரியான கேள்வி. மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் 1953-இல் தொடங்கப்பட்டது. இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளத்தில் சோழவரம் பந்தயங்களை நடத்தி நகரத்தையே அங்கே இழுத்த அந்தக் கிளப், பிறகு இருங்காட்டுக்கோட்டையில் 3.717 கிலோமீட்டருக்குச் சொந்தத் தடம் போட்டது. ஃபார்முலா ஒன்னில் ஓட்டிய முதல் இந்தியரான கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன், தன் முதல் பந்தயத்தை ஓட்டியது ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கமுள்ள இந்தத் தடத்தில்தான். 2010-இல் ஃபார்முலா ஒன்னுக்குப் போன கருண் சந்தோக் சென்னைக்காரர். கோயம்புத்தூர் செட்டிப்பாளையத்திலும் ஒரு தடம் உண்டு. 2024 ஆகஸ்ட் கடைசியில் தீவுத்திடலைச் சுற்றி இரவில் ஃபார்முலா 4 கார்களே ஓடின. 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் நடிகர் அஜித்குமாரின் அணி தன் பிரிவில் மூன்றாவதாக வந்தபோது, அதுவரை பிட் ஸ்டாப் என்றால் என்னவென்று கேட்டிராத வீடுகளிலும் அதைப் பற்றிப் பேச்சு நடந்தது.

ஆக, தடம் இல்லை என்று சொல்ல முடியாது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் நள்ளிரவில் பைக் ரேஸ் விட்டுப் போலீஸில் மாட்டும் பையன்களின் செய்தி, தடம் இருந்தும் நின்றபாடில்லை. பச்சை நரகத்தில்கூட வலப்பக்கம் ஒதுங்கி, கொடிக்குக் கட்டுப்பட்டு, உடைத்த கம்பிக்குப் பணம் கட்டித்தான் வேகமாகப் போகிறார்கள். வேகத்துக்கென்று ஓர் இடத்தை வேலி போட்டு ஒதுக்கி, அதற்குள் மற்ற எந்தச் சாலையையும்விட அதிகமாகக் கீழ்ப்படிவதே டிராக் டே.

தாம்பரத்தில் இதைப் படிக்கும் வேகப் பிரியர்களுக்குப் பாஸ்போர்ட் தேவையில்லை. வண்டலூரில் வெளிவட்டச் சாலை ஏறி, நசரத்பேட்டையில் பெங்களூரு நெடுஞ்சாலையைப் பிடித்தால், நெரிசல் இல்லாத காலையில் இருங்காட்டுக்கோட்டை ஏறக்குறைய ஒரு மணி நேரம். டிராக் டே எப்போது என்று விசாரித்து வையுங்கள். பிரேக் ஆயிலை மாற்றுங்கள், நல்ல ஹெல்மெட் வாங்குங்கள், இன்சூரன்ஸ் பேப்பரை ஒரு தடவை முழுதாகப் படியுங்கள். பரிசு எவ்வளவு என்று வீட்டில் கேட்டால், இந்தக் கடிதத்தைக் காட்டுங்கள்.