சாமி சாமான் அண்ணன்

தீபாவளி நெருங்கும்போது இவர் பெட்டி கிள்ளான் துறைமுகத்தில் இறங்கும். இறங்கிய பிறகுதான் சுங்க ஏஜெண்ட் ஆபிசில் உட்கார்ந்திருக்கும் என் நினைவு இவருக்கு வரும். புக்கிட் ரோத்தானில் கடை, ஈஜோக்கில் இன்னொன்று. பெஸ்தாரி ஜெயாவை இன்னமும் பழைய பெயரில் பத்தாங் பெர்ஜுந்தை என்றுதான் சொல்வார்.

"உள்ள என்னண்ணே இருக்கு?"

"சாமி சாமான், தங்கச்சி."

சுங்கத்துக்கு அனுப்பும் கே-1 பாரத்தில் சாமி சாமானுக்கு எண் கிடையாது. ஒவ்வொரு பொருளுக்கும் தனித்தனியாகப் பத்து இலக்க எண் போட வேண்டும். ஊதுபத்திக்குக் கவலையில்லை, உலகம் முழுதும் புழங்கும் பட்டியலில் 3307.41-க்கு நேரே 'அகர்பத்தி' என்றே அச்சாகியிருக்கிறது. கற்பூரம் 29-ஆம் அத்தியாயத்தில் ரசாயனங்களோடு இருக்கிறது. பித்தளைச் சிலை 83-க்குப் போகும், எவர்சில்வர் தாம்பாளம் 73-க்கு. தோரணம் பிளாஸ்டிக் என்றால் 67. நிஜ இலை என்றால் தனிமைப்படுத்தல், பரிசோதனைத் துறையான மாக்கிஸின் பெர்மிட் இல்லாமல் பெட்டி நகராது.

"தோரணம் இலையாண்ணே, பிளாஸ்டிக்காண்ணே?"

"சாமிக்குக் கட்டுறதும்மா."

"எத்தனை கிலோ?"

"ரெண்டு ஆள் தூக்கலாம்."

"விலை?"

"சித்தப்பா கடை. நம்மகிட்ட என்ன விலை போடுவாரு?"

சித்தப்பா போடாவிட்டாலும் சுங்கத்துறை போடும். சரக்கு விலை, இன்சூரன்ஸ், கப்பல் கூலி மூன்றையும் கூட்டித்தான் வரிக் கணக்கு. 2010-இல் தொடங்கிய ஆசியான்–இந்தியா ஒப்பந்தத்தில் சலுகை கேட்கலாமே என்றால் அதற்குச் சரக்கு இந்தியாவில் செய்தது என்று சான்று சொல்லும் ஏஐ பாரம் வேண்டும். அது சென்னையில் சித்தப்பாவின் மேசை டிராயரில் பத்திரமாக இருக்கும்.

கெஞ்சிக் கூத்தாடி எழுத்தில் ஒரு பட்டியல் கேட்டேன். வாட்ஸ்அப்பில் வந்தது: "சாமி சாமான் பெரிசு. சாமி சாமான் சின்னது. மற்ற சாமான்."

அந்த 'மற்ற'வில் என்ன இருந்தது என்பதைப் பெட்டியைத் திறந்த சுங்க அதிகாரிதான் எனக்குச் சொன்னார். மாங்காய் ஊறுகாய்.

ஊறுகாய்க்குச் சுகாதார அமைச்சின் உணவுப் பாதுகாப்பு சிஸ்டமான ஃபோசிம் தனி. "அது சாமிக்கு இல்லம்மா, வீட்டுக்கு" என்றார் அண்ணன்.

கெட்ட மனுஷன் இல்லை. சுற்றுவட்டாரத் தோட்டங்களில் ஆட்கள் வெளியேறி, லயங்கள் போய், கோயில் மட்டும் மிச்சமிருக்கும் இடங்கள் உண்டு. திருவிழா என்றால் அங்கெல்லாம் விளக்கும் எண்ணெயும் கற்பூரமும் இவர் கடையிலிருந்துதான் போகின்றன, கடனாக. அந்தக் கடனை இவர் திரும்பக் கேட்டு யாரும் பார்த்ததில்லை. இவருடைய கணக்கு நோட்டிலும் அது 'சாமி' என்று ஒரே சொல்லில்தான் எழுதியிருக்கும் என்று நினைக்கிறேன்.

ஆனால் எங்கள் கணக்கை அப்படி எழுத முடியாது. பாரத்தில் ஏஜெண்டாக நிற்பது என் முதலாளி பெயர். பொய்யான விவரம் கொடுத்தால் 1967-ஆம் ஆண்டு சுங்கச் சட்டம் 133-ஆம் பிரிவில் ஐந்து ஆண்டு வரை சிறை இருக்கிறது. சாமி சாமான் என்று வழக்கறிஞர் வாதாட முடியாது.

அண்ணனுக்கோ எல்லாம் கம்ப்யூட்டர் செய்யும் கோளாறு. "அந்தக் காலத்துல பாரத்தைத் தட்டச்சு பண்ணிக் கவுண்டர்ல நீட்டினா முடிஞ்சுது" என்பார். டாகாங் நெட் என்ற கம்ப்யூட்டர் வலை வழியாகப் பாரம் போகத் தொடங்கியது தொண்ணூறுகளில். இவர் இறக்குமதி தொடங்கியதே அதற்கப்புறம்தான்.

விவரம் வந்தால் பாரத்தை அன்றைக்கே அனுப்பிவிடுவேன். விவரம்தான் வருவதில்லை. பெட்டி துறைமுகத்தில் கிடக்கக் கிடக்க வாடகை ஏறுகிறது. பில்லை அனுப்பினால், "உங்க சிஸ்டம் லேட்டு, நீங்களே கட்டிடுங்க" என்று பதில் வருகிறது. முதலாளி அந்தப் பில்லை என் மேசையில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.