வலி காலில், வில்லன் வயிற்றில்

எனக்குத் தொப்பை இருப்பதை நான் ஒப்புக்கொண்டதே இல்லை. கை கால் ஒல்லி, எடையும் அப்படியொன்றும் பயமுறுத்தாது. வயிற்றை மட்டும் "கேஸ் ட்ரபிள்" என்று சொல்லிச் சமாளித்துவந்தேன். இந்திய ஆண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 90 செ.மீ. தாண்டக்கூடாது. இன்ச் டேப்பைக் கண்டதும் மூச்சை இழுத்துப் பிடிப்பேன். விட்டால் நான் எல்லை தாண்டிய பயங்கரவாதி.

புனே மருத்துவர் யாஜ்னிக், 2004இல் 'லான்செட்' இதழில் தன் படத்தையும் லண்டன் மருத்துவர் யுட்கினின் படத்தையும் அருகருகே போட்டார். இருவருக்கும் பி.எம்.ஐ. ஒன்றுதான்: 22.3. உடல் கொழுப்போ யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2. படித்துவிட்டுப் பதறியிருக்க வேண்டும். "டாக்டருக்கே இந்தக் கதியா!" என்று ஆறுதலடைந்து இன்னொரு வடை எடுத்துக்கொண்டேன்.

பிறகு நடந்தால் கெண்டைக்கால் இறுக்கிப் பிடிக்க ஆரம்பித்தது. நின்றால் இரண்டொரு நிமிடத்தில் விட்டுவிடும். செருப்பை மாற்றினேன், தைலம் தேய்த்தேன். தெருவில் சும்மா நிற்கக் கூச்சமாக இருக்கும். கடைக் கண்ணாடியைப் பார்ப்பதுபோல் பாவனை செய்வேன். ஒருநாள் அப்படி ரசித்துக்கொண்டிருந்தது நைட்டிக் கடை. மனைவியின் தோழி பார்த்துவிட்டார். வீட்டில் நடந்த விசாரணையோடு ஒப்பிட்டால், பிறகு காட்டப்போன டாக்டரின் விசாரணை தேவலை.

டாக்டர் பி.பி. பட்டையைக் கையில் மட்டுமல்ல, கணுக்காலிலும் கட்டினார். கணுக்கால் அழுத்தத்தைக் கை அழுத்தத்தால் வகுத்து 0.9 அல்லது அதற்குக் கீழே வந்தால் கால் தமனியில் அடைப்பு என்று அர்த்தம். எனக்கு வந்தது. "சிகரெட்டைத் தொட்டதே இல்லை டாக்டர்" என்று மார்தட்டினேன். "சுகர்?" என்றார். மார் அடங்கியது.

"தொப்பைக் கொழுப்பு சும்மா உட்கார்ந்திருக்காது சார். இன்சுலினை வேலை செய்யவிடாது. சுகர் ஏறும், ட்ரைகிளிசரைடு ஏறும், நல்ல கொழுப்பு இறங்கும். ரத்தக்குழாயின் உள்சுவர் கெட்டுப்போய் அடைப்பு படியும். நடக்கும்போது தசை கேட்கிற ரத்தம் வராது, அதான் வலி."

மாத்திரைகளோடு நடையும் வைத்தியமாம். வலிக்கும்வரை நடந்து, நின்று, வலி விட்டதும் மறுபடி நடக்க வேண்டும். வாரம் மூன்று நாளாவது, குறைந்தது 12 வாரம். நடக்கிறேன். ஆனால் என் பாதை எப்படியோ பொங்கல் மணக்கும் மெஸ் வாசலில்தான் முடிகிறது.

என்னைப் பார்த்துச் சிரித்தது போதும். சர்க்கரை உள்ளவர்களுக்கு நரம்பு மரத்துப்போய் இந்த வலி தெரியாமலே போகலாம். காலில் புண் ஆறாமல் இழுத்தால் தள்ளிப்போடாதீர்கள், உடனே டாக்டரிடம் காட்டுங்கள்.