பதின்மூன்றாவது மாதம்

காலண்டரில் 12 மாதம், ரீசார்ஜில் 13. 28 நாளுக்கு ஒரு மாதம் என்று கணக்குப் போட்ட புண்ணியவானுக்கு நம் தொலைத்தொடர்புத் துறை சிலையே வைக்கலாம். 2022-இல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் தலையிட்டு, 30 நாள் திட்டம் ஒன்றாவது வேண்டும் என்றது. வைத்தார்கள், தேடிக் கண்டுபிடிப்பவர்களுக்கு.

வருமானம் எங்கிருந்தெல்லாம் வந்தது! 1995-இல் செல்போன் வந்த புதிதில், வருகிற அழைப்புக்கும் நாமே கட்டினோம், நிமிஷத்துக்கு 16 ரூபாய் வரை. கடன்காரன் திட்டுவதைச் சொந்தச் செலவில் கேட்ட காலம். 2003-இல் அது போனது. அப்புறம் காலர் ட்யூன்: நம் காதில் விழாத பாட்டுக்கு மாதச் சந்தா. தீபாவளியன்று வாழ்த்து எஸ்எம்எஸ்ஸுக்குத் தனி ரேட். நாமும் லேசுப்பட்டவர்களா? மிஸ்டு கால் கொடுத்தே குடும்பம் நடத்தினோம்.

2016-இல் ஜியோ வந்து பேச்சை இலவசமாக்கியதும், விலை டேட்டாவுக்கு ஏறிக்கொண்டது. 2024 ஜூலையில் தனியார் நிறுவனங்கள் மூன்றும் அடுத்தடுத்துக் கட்டணத்தை உயர்த்தின. 'ஒரு வாடிக்கையாளரிடம் கிடைக்கும் சராசரி வருமானம்' வளர்ந்ததில் காலாண்டு அறிக்கைகளுக்கு ஒரே பூரிப்பு. அந்தச் சராசரியில் ஒருவர், பட்டன் போனை ரீசார்ஜ் கடையில் நீட்டி, "நெட்டெல்லாம் வேணாம் தம்பி, பேத்தி கூப்பிட்டா வரணும், அவ்வளவுதான்" என்கிற பாட்டி. தினம் ஒன்றரை ஜிபியோடு வீடு திரும்புகிறார்.