கூப்பிட்டால் கேட்கிற தூரம்

இன்று ஒரு பிள்ளைக்கு மருத்துவப் படிப்பில் இடம் கிடைத்ததும் வீட்டில் எழுகிற முதல் கேள்வி, தங்குகிற அறையில் ஏசி உண்டா என்பது. அதில் தப்பில்லை. மதுரை வெயிலில் விடிய விடியப் படிக்கிறவர்களுக்குத் தூக்கம் வேண்டும். 1982-இல் நான் மதுரை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தபோது எங்கள் அப்பா கேட்டது வேறு: "செல்லூர்ல சித்தப்பா வீடு இருக்கைல காசு குடுத்து எதுக்குய்யா தங்கணும்?"

உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து படிக்க வந்த பையன்களுக்கு அன்று சொந்தக்காரர் வீடு, சிம்மக்கல் பக்கம் வாடகைக்கு ஒரு மாடி அறை, இல்லையென்றால் கல்லூரி விடுதி. வீடுதான் மலிவு என்பதால் செல்லூருக்கே போனேன். கீழே நாள் முழுக்கத் தறிச் சத்தம். மாடியில் தட்டி வைத்து மறைத்த இடம் எனக்கு. சீனியர் ஒருவரிடம் பாதி விலைக்கு வாங்கிய அரை செட் எலும்பைத் துணிப்பையில் கட்டிக் கட்டிலுக்கடியில் வைத்திருந்தேன். கூட்டும்போது சித்தி பையை இழுக்க, தொடையெலும்பு வெளியே உருண்டுவிட்டது. "ஏய்யா, செத்தவுக எலும்ப வீட்டுக்குள்ள வச்சுக்கிட்டு, சின்னப் பிள்ளைகள நான் எப்படித் தூங்க வைக்கிறது?" என்றார். அவர் கேட்டது நியாயம்தான். சட்டையில் ஏறிய ஃபார்மலின் வாடைக்கே அவர் அதுவரை ஒரு வார்த்தை சொன்னதில்லை. அந்த மாதமே விடுதிக்கு மாறினேன்.

விடுதியில் டிவைடிங் மெஸ். மாதச் செலவைத் தலைக்கு வகுத்து பில் போடுவார்கள். மாதக் கடைசியில் சாம்பார் தண்ணியாகும்; ஊரிலிருந்து மணியார்டர் வராதவனுக்கு வந்தவன் கட்டுவான். ஆனால் விடுதி எனக்குத் தந்த பெரிய சொத்து, பெரியாஸ்பத்திரிக்கு நடந்து போய்விடுகிற தூரம். 1954-இல் கல்லூரி தொடங்கியதும் மாணவர்கள் நோயாளிகளைப் பார்த்துப் படித்தது இங்கேதான். எர்ஸ்கின் ஆஸ்பத்திரி என்ற பெயர் பின்னால் ராஜாஜி என்று மாறியது; சுற்றுவட்டார ஊர்களுக்கு அன்றும் இன்றும் அது பெரியாஸ்பத்திரிதான்.

இரண்டாம் வருஷம், ஒரு மழைக்கால இரவு. ஹவுஸ் சர்ஜன் அண்ணன் ஒருவர் விடுதிக்கு வந்து கதவு கதவாகத் தட்டினார்: "கை வேணும்டா, வாங்க." மேலூர்ப் பக்கத்து விவசாயி ஒருவரைக் கட்டுவிரியன் கடித்திருந்தது. தரையில் பாய் போட்டுத் தூங்குகிறவர்களைக் கடிக்கிற பாம்பு அது. வலி அதிகம் இராது, பல் பட்ட தடம்கூடச் சரியாகத் தெரியாது. அவர் இமை பாதி இறங்கியிருந்தது. விரலால் தூக்கிவிட்டால் திரும்ப விழுந்தது. கொஞ்ச நேரத்தில் மூச்சு மேலோட்டமாகிவிட, மயக்க மருந்து டாக்டர் தொண்டைக்குள் குழாயை இறக்கினார். விஷமுறிவு மருந்து ஏறினாலும் செயலிழந்த தசைகள் உடனே மீளாது. மீளும்வரை மூச்சை நாம்தான் கொடுக்க வேண்டும். வென்டிலேட்டர் காலியாக இல்லை. அம்பு பேக்கை முறை வைத்து அமுக்கினோம். ஒருவன் கை சோர்ந்தால் அடுத்தவன். அமுக்கும்போது அவர் மார்பு ஏறுகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அவர் மனைவி காலடியில் உட்கார்ந்து அந்த மார்பையே பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாள் மத்தியானம் இமை லேசாக அசைந்தது. சுவாசத்தைப் பற்றி நான் படித்ததில் அந்த இரவுக்கு ஈடாக ஒரு பக்கம்கூட இல்லை. செல்லூர் மாடியில் இருந்திருந்தால் அன்று என்னை யாரும் கூப்பிட்டிருக்க முடியாது.

அப்பாவை விடுதிக் கட்டணத்துக்குச் சம்மதிக்க வைப்பதே அன்று பெரும்பாடு. அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு வந்த 2020-இல், அந்தப் பிள்ளைகளின் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கும் என்று அறிவித்தார்கள். செய்தியைப் படித்தபோது எனக்கு அப்பா முகம்தான் நினைவுக்கு வந்தது. இன்று பணம் இருக்கிறவர்கள்தான் ஆஸ்பத்திரியை விட்டுத் தள்ளிப் போகிறார்கள். என் தங்கை பேத்திக்கு அவள் அப்பா கே.கே.நகரில் அடுக்குமாடி வீடு பார்த்து வைத்திருக்கிறார். "ஸ்கூட்டி வாங்கிக் குடுத்துர்றேன் மாமா, காலேஜுக்குப் போயிட்டு வந்துரட்டும்" என்கிறார். பகலில் சரி. ராத்திரி இரண்டு மணிக்குப் பிள்ளையைத் தனியாக ஸ்கூட்டியில் விடுவீர்களா மாப்பிள்ளை என்று கேட்டேன். முதலாண்டு முடியட்டும், மூன்றாம் ஆண்டிலிருந்தாவது அவள் விடுதியில் இருக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். விடுதிக் கதவை எத்தனை மணிக்கு அடைக்கிறார்கள், இரவு கேஷுவாலிட்டிக்குப் போகும் வழியில் விளக்கு இருக்கிறதா என்று அவளையே போய் விசாரிக்கவும் சொன்னேன்.

அவளுக்காவது தேர்ந்தெடுக்க முடிகிறது. மதுரை எய்ம்ஸ் மருத்துவமனைக்குத் தோப்பூரில் 2019 ஜனவரியில் அடிக்கல் நாட்டினார்கள். 2022-இல் சேர்ந்த முதல் 50 மாணவர்களுக்குத் தோப்பூரில் கட்டடம் இல்லாததால், நூறு கிலோமீட்டருக்கு அப்பால் இராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரியில் வகுப்பு தொடங்கியது. அந்தக் கல்லூரியே அப்போதுதான் தொடங்கியிருந்தது. அங்குள்ள ஆசிரியர்களும் நோயாளிகளும் அவர்களுக்குக் கற்றுக்கொடுத்திருப்பார்கள், சந்தேகமில்லை. ஆனாலும் ஒரு மாணவர் தன் ஆஸ்பத்திரி என்று சொல்லிக்கொள்ளும் இடத்துக்குப் பக்கத்தில் தங்குவது அவருக்குச் சேர வேண்டிய படிப்பின் பாதி. அதை அந்த 50 பேருக்கு நாம் கொடுக்கவில்லை. இனி வருகிறவர்களுக்காகவாவது, தோப்பூரில் மாணவர் விடுதி வளாகத்தின் கோடியில் இல்லாமல், கேஷுவாலிட்டியிலிருந்து ஒருவர் ஓடிவந்து கதவைத் தட்டக்கூடிய இடத்தில் இருக்க வேண்டும்.