காலரில் ஒரு டீக்கடை

லிஃப்ட் கதவு மூடியதும் கமகமவென்று இஞ்சி டீ வாசனை. யார் கையிலும் தம்ளர் இல்லை. நான்காவது மாடி வரும்வரை ஆளாளுக்கு அடுத்தவர் பையை நோட்டம் விட்டோம். மூலையில் நின்றவர் மட்டும் மணிக்கட்டை மெல்லத் தூக்கினார். மணி பார்க்கிறார் என்று நினைத்தேன். மூக்கருகே கொண்டுபோய்க் கண்ணை மூடிக்கொண்டார்.

சென்னை ஆபீஸ்களில் இப்போது இப்படி ஒருவரைப் பார்க்கலாம். மல்லிகை, ரோஜா பூசுகிறவர்களை அவர் மதிப்பதில்லை. “அதெல்லாம் கல்யாண வாசல்ல பன்னீர் தெளிக்கிற கணக்கு சார்.” சென்ட் என்று சொன்னால் முகம் சுருங்கும், ‘பர்ஃப்யூம்’ என்று திருத்துவார். 2000-இல் ஒலிவியா ஜியாகோபெத்தி என்ற அம்மணி ஒரு பிரெஞ்சு நிறுவனத்துக்காக உருவாக்கிய ‘டீ ஃபார் டூ’தான் அவருக்குக் குலதெய்வம். சீனத்து ஃபூஜியன் மலையில் பைன் விறகுப் புகையில் வாட்டிய தேயிலையின் நெடி, அதன்மேல் இஞ்சி, பட்டை, தேன். முழு பாட்டில் கட்டுப்படியாகாது என்பதால் தெய்வத்தை 5 மில்லி குப்பியில் எழுந்தருளப் பண்ணியிருக்கிறார்.

ஆளும் அந்த வாசனை மாதிரியேதான். “வாங்க, உட்காருங்க, என்ன அவசரம்?” என்பார். உட்கார்ந்த பத்தாவது நிமிடம் வீட்டுக் கடன், மச்சினன் தகராறு எல்லாவற்றையும் அவரிடம் கொட்டியிருப்போம். அந்த வாசனைக்கு அப்படியொரு டீக்கடை பெஞ்சு ராசி. கொட்டி முடித்ததும் நாக்கு வறண்டிருக்கும். இப்போது ஒரு டீ சொல்வார் என்று காத்திருப்போம். சொல்ல மாட்டார். அவர் குடிப்பது வெந்நீர். டீ குடித்தால் மூக்கு மந்தமாகிவிடுமாம்.

விளக்கம் மட்டும் தாராளம். “முதல்ல இஞ்சி வரும், சீக்கிரமே போயிடும். பதறக்கூடாது. அரை மணி கழிச்சுப் புகை. சாயங்காலம் சட்டையைக் கழட்டுறப்போ பாருங்க, தேன்!” மனிதரின் சட்டையை நான் ஏன் சாயங்காலம் மோந்து பார்க்க வேண்டும் என்று கேட்கவில்லை. இன்னொரு நாள், 1992-இல் பல்காரி நிறுவனத்துக்காக ழான்-குளோத் எலெனா செய்த கிரீன் டீ வாசனையைப் பற்றி உருகினார். ஹெடியோன், அயனோன் என்று ஏதோ வேதிப்பொருள்களைச் சேர்த்தே தேயிலை மணத்தை வரவழைத்துவிட்டாராம். தேயிலை இல்லாமல் டீயா என்று நான் வாயைப் பிளக்கவில்லை. எங்கள் கேன்டீனில் அதைத்தான் தினமும் இரண்டு வேளை குடிக்கிறோம்.

பாவம், வீட்டில்தான் மரியாதை இல்லை. பட்டை, கிராம்பு, ஏலக்காய் என்றால் தமிழ் மூக்குக்கு ஒன்று பிரியாணி, இல்லாவிட்டால் கஷாயம். அவர் குப்பியைத் திறந்தாலே அம்மா நெற்றியைத் தொட்டுப் பார்க்கிறாராம்: “சளியாடா? மிளகும் ரெண்டு தட்டிப் போட்டுக்கயேன்.” போன மாதம் ஒரு ரிசப்ஷனில் அவர் எங்கள் வரிசையைக் கடந்து போனார். பின்னால் இருந்த சிறுவன், “அம்மா, பந்தி போட்டாச்சு” என்று எழுந்து ஓடினான். அவனைச் சொல்லிக் குற்றமில்லை; எனக்கும் பசித்தது.

இந்தக் கதகதப்பெல்லாம் குளிர்காலத்துக்கு உரியதாம். அதற்காக மே மாதத்தில் ஏசியை 18-இல் வைத்துவிட்டு அவர் மணக்க, நாங்கள் சால்வை தேடுவோம்.

நேற்று மாலை அவரை வம்படியாக முக்குக் கடைக்கு இழுத்துப் போனேன். கொதித்துக் கொதித்துக் கறுத்த டிகாக்‌ஷன், வடைச் சட்டி எண்ணெய், யாரோ ஊதிய பீடி. கைக்குட்டையால் மூக்கைப் பொத்தியபடி ஒதுங்கியே நின்றார். மாஸ்டர் ஒரு ஆற்று ஆற்றினார் பாருங்கள், நுரை தெறித்து நேராக இவர் சட்டைக் கைமடிப்பில் விழுந்தது. மாஸ்டர் துணியை எடுத்துக்கொண்டு ஓடிவந்தார். போச்சு, கத்தப்போகிறார் என்று நானும் ஒரு அடி பின்வாங்கினேன்.

அவர் கையைத் தூக்கி மாஸ்டரை நிறுத்தினார். கைமடிப்பை மெல்ல மூக்கருகே கொண்டுபோனார். கண்கள் மூடின.

“தொடக்கம் பிரமாதம் மாஸ்டர். பால்தான் ஒரு சுத்து கூடிப்போச்சு.”