கண்ணாடி யார் கணக்கில்?

அப்பா ஓட்டிய அம்பாசிடர், விழுப்புரத்து முதலாளி ஒருவருடையது. எண்பதுகளில் ஒரு நாள், திண்டிவனம் அருகே ஜல்லி லாரியிலிருந்து தெறித்த கல் முன்கண்ணாடியில் பட்டது. சூடாக்கிச் சட்டென்று குளிரவைத்து இறுக்கிய டஃபன்ட் கண்ணாடி அது. ஓரிடத்தில் அடிபட்டால் போதும், மொத்தமும் பொடிக் கற்கண்டாக நொறுங்கி வெள்ளையாகப் பூத்துவிடும், சாலை தெரியாது. அப்பா முஷ்டியால் குத்தி ஓட்டை போட்டு, அதன் வழியே பார்த்துப் பார்த்து வண்டியை ஓரங்கட்டியிருக்கிறார். அன்றிரவு அவர் சட்டைப் பையிலிருந்து அம்மா கண்ணாடித் துணுக்குகளை முறத்தில் உதறினாள். "பார்த்து ஓட்டியிருக்கணும்" என்று சொல்லி, கண்ணாடிக்கான பணத்தை முதலாளி மாதாமாதம் சம்பளத்தில் பிடித்துக்கொண்டார். கல்லைச் சிந்திய லாரி எந்த ஊரோ.

இன்று தம்பி மருந்துக் கம்பெனி வேலையாகச் சொந்தக் காரில் ஊர் ஊராகப் போகிறான். இவன் கண்ணாடி லேமினேட்டட். இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே பிளாஸ்டிக் படலம் ஒட்டியிருக்கும். கல் பட்டால் விரிசல் விடும், சிதறி முகத்தில் கொட்டாது. பிரான்ஸில் எதுவார் பெனதிக்தூஸ் இதற்கு 1909-ல் காப்புரிமை பெற்றார். அப்பாவின் வண்டிக்கு அது வந்து சேரவில்லை என்பதை நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது.

தம்பிக்கும் கல் லாரியிலிருந்துதான் வந்தது. மிளகளவு பொத்தல். "இப்பவே ரெசின் விட்டு அடைச்சுடலாம் சார், விட்டா ஓடிடும்" என்றார் கண்ணாடிக் கடைக்காரர். அடைப்பதற்குள் கத்திரி வெயில் முந்திக்கொண்டது. வெயிலில் கொதித்துக் கிடந்த கண்ணாடியில் ஏசிக் குளிர் பட்டதும், பொத்தலிலிருந்து ஒரு கோடு கிளம்பி ஓரம்வரை போனது.

இனி மாற்றத்தான் வேண்டும். தேர்டு பார்ட்டி இன்சூரன்ஸ் மட்டும் வைத்திருந்தால் சல்லிக்காசு கிடைக்காது. தம்பியிடம் முழு பாலிசி இருந்தது. அதில் கண்ணாடிக்குத் தேய்மானம் கழிப்பதில்லை; ரப்பர், பிளாஸ்டிக் பாகங்களுக்குத்தான் பாதி கழிப்பார்கள். ஆனால் 1500 சிசி வரையுள்ள காருக்கு முதல் 1000 ரூபாய் நம்முடையது. அதைவிடப் பெரிய அடி, கிளெய்ம் போட்டால் நோ கிளெய்ம் போனஸ் போய்விடுவது. ஐந்து வருடம் கிளெய்ம் இல்லாமல் ஓட்டி 50 சதவீதத் தள்ளுபடிக்கு வந்திருந்தான். கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுக் கைக்காசையே கொடுத்தான். கண்ணாடிக்குப் பின்னால் கேமரா வைத்த புதுக் கார்களில் அதையும் திரும்பச் சரிபார்க்க வேண்டும், செலவு இன்னும் ஏறும்.

"லாரி நம்பர் பார்த்தியாடா?" என்று கேட்டேன்.

"புழுதியில எங்கண்ணே பார்க்கிறது?"

நம்பரைப் பார்த்திருந்தாலும் அந்தக் கல் அந்த லாரியுடையது என்று எப்படி நிரூபிப்பது? அன்றும் இன்றும் சிந்தியவர் தரவில்லை, பின்னால் போனவர் தந்தார். குவாரியைவிட்டு வெளியே வரும் இடத்திலேயே, தார்ப்பாய் கட்டாத லாரியை அதிகாரிகள் மறித்து நிறுத்த வேண்டும். நெடுஞ்சாலைக்கு வந்தபின் எந்தக் கல்லுக்கும் சொந்தக்காரர் கிடைக்கமாட்டார்.